உதைத்த பெடல்

“முட்டாள்தனம் யாருக்கும் வரும் சார். அதை ஒர்க்‌ஷாப்புக்கு போன் போட்டு எழுதி வெச்சுக்கச் சொன்ன ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்” என்றாள் கிளட்ச்.

அவள் கையில் வண்டிப் புகாரை எழுதி வைக்கும் மஞ்சள் நிற ஜாப் கார்டு இருந்தது. எதிரே ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் கறுப்பேறிய துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியைவிடக் கை சுத்தமாக இருந்தது.

ஃபெயில் சார் கார்டை உடனே வாங்கவில்லை. எதையும் முதல் தடவையிலேயே வாங்கிக்கொள்வது அவர் வழக்கமில்லை. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஃபோர்மேனை ஏற இறங்கப் பார்த்தார். பத்தொன்பது வருடம் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து, லைசென்ஸ் கேட்டு வந்த ஊரையே அப்படித்தான் பார்த்தார். பத்துப் பேர் வந்தால் எட்டுப் பேர் ஃபெயில். மீதி இரண்டு பேர் அவர் லீவில் இருந்த நாளில் வந்தவர்கள் என்று ஆபீசில் பேச்சு. வேலையை விட்டுத் துப்பறிய வந்த பிறகும் பெயர் மட்டும் விடவில்லை.

கிளட்ச் பெண்களுக்கான டிரைவிங் ஸ்கூல் நடத்தியவள். பதினொரு வருடம் பயிற்சி காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தனக்கென்று பொருத்தியிருந்த இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்து போனவள். ஃபெயில் சார் போட்ட ஃபெயிலில்தான் ஸ்கூல் படுத்தது. “கடையை மூடினவர்தான் சோறு போடணும்” என்று ஒருநாள் அவர் ஆபீசில் வந்து உட்கார்ந்தவள், இன்னும் எழுந்து போகவில்லை.

“படி” என்றார் ஃபெயில் சார்.

“செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது இருபது. பிரேக் மிதித்தால் பெடல் தடதடவென்று காலை உதைக்கிறது. பிரேக் பிடிக்கவில்லை. ஃபாக்டரி ஆபீஸ் போனிலிருந்து அழைப்பு. பேசியவர் பெயர் சொல்லவில்லை. திட்டினார்.”

“திட்டினதையும் எழுதுவியா?”

“எழுதுவேன் சார்” என்றார் ஃபோர்மேன். “நாளைக்கு நான் திட்டினேன்னு சொல்லிடுவாங்க.”

“வண்டியைப் பாத்தியா?”

“போலீஸ் இங்கதானே இழுத்துட்டு வந்து விட்டாங்க. கழட்டிப் பாத்தாச்சு. முன்னாடி பம்பர் நொறுங்கியிருக்கு. பிரேக்குல ஒரு குறையும் இல்ல. ரிப்போர்ட் டைப் அடிச்சு நேத்துலேருந்து மேசையில கெடக்கு. வாங்கிட்டுப் போங்கன்னா, டிரைவர்தான் ஒத்துக்கிட்டானே, எதுக்கு ரிப்போர்ட்டுன்னு கேக்கறாங்க.”

ஃபெயில் சாரின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பு என்று தெரியாதவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

விஷயம் இதுதான். செவ்வாய் காலை எட்டு மணி, நல்ல மழை. கார் சக்கரத்துக்கான பல்வளையம் செய்யும் ஃபாக்டரி ஒன்றின் முதலாளியுடைய கார், அந்த ஃபாக்டரி கேட் தூணிலேயே போய் மோதியது. தூணுக்கும் பம்பருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் கேட் வாட்ச்மேன். இரண்டு காலும் நொறுங்கிப் போயின. மழையில் இரண்டு லைட்டு வந்ததைத் தவிர வேறொன்றும் அவருக்கு நினைவில்லை. கேட்டில் மாட்டியிருந்த கேமரா போன மாதமே கண்ணை மூடிவிட்டது. முதலாளி வீட்டு டிரைவர், இருபத்திரண்டு வருட சர்வீஸ், நான்தான் ஓட்டினேன் என்று சொல்லிவிட்டார். இன்று வியாழக்கிழமை. மாலை நாலு மணிக்கு வாக்குமூலத்தில் கையெழுத்து. போட்டுவிட்டால் ஜெயில். லைசென்ஸ் ஜென்மத்துக்கும் கிடையாது.

நேற்றுச் சாயங்காலம் டிரைவரின் மனைவி ஃபெயில் சாரிடம் வந்தாள். யூனிஃபார்ம் தைக்கும் கம்பெனியில் வேலை. விரலில் நூல் அறுத்த தழும்பு.

“எட்டு மணிக்கு என் வீட்டுக்காரர் வீட்டுல ஷூ தொடச்சிட்டு இருந்தாரு. போன் வந்துச்சு, சைக்கிள எடுத்துட்டு ஓடினாரு. எட்டே முக்காலுக்கு ஜீப்புல ஏத்திட்டாங்க. நான் சொன்னா, பொண்டாட்டி அப்படித்தான் சொல்லுவாங்கறாங்க. நீங்க யாரையும் நம்ப மாட்டீங்களாமே, அதான் வந்தேன்.”

இதுவரை தனக்குக் கிடைத்த சிபாரிசுகளிலேயே யோக்கியமானது இதுதான் என்று ஃபெயில் சாருக்குத் தோன்றியது.

இப்போது அவர் கார்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்தார். “பெடல் ஏன் உதைக்கும்? சொல்லு.”

“சார், என்னைப் போய் டெஸ்ட் பண்றீங்களா?”

“நாளைக்கு ஜட்ஜுக்குப் புரியணும். உன் ஸ்டூடண்டுக்குச் சொன்ன மாதிரி சொல்லு.”

கிளட்ச் தொண்டையைச் செருமிக்கொண்டாள். “பாத்ரூம்ல சோப்புத் தண்ணி. வேகமா வந்து சடார்னு நின்னா கால் நின்னுடும், நீங்க நிக்க மாட்டீங்க. சக்கரமும் அப்படித்தான். பிரேக்கை ஓங்கி மிதிச்சா இறுகி நின்னுடும், வண்டி வழுக்கிட்டே போகும். வழுக்கற சக்கரம் ஸ்டீயரிங் பேச்சைக் கேக்காது. அதுக்குத்தான் ஏபிஎஸ். ஒவ்வொரு சக்கரத்துலயும் ஒரு பல்வளையம். பக்கத்துல ஒரு சென்சார் உக்காந்துக்கிட்டு, பல்லு ஒவ்வொண்ணா கடக்கறதை எண்ணிட்டே இருக்கும். ஏதாவது ஒரு சக்கரம் இறுகப் போகுதுன்னு தெரிஞ்சா, அதுக்குப் போற பிரேக் ஆயில் பிரஷரை வால்வு கொஞ்சம் விட்டுக் குடுக்கும். சக்கரம் உருளும். உடனே மறுபடி புடிக்கும். புடி, விடு, புடி, விடு. செகண்டுக்குப் பத்துப் பதினஞ்சு தடவை. விட்ட ஆயிலை ஒரு பம்ப் திருப்பி மேல தள்ளும். அந்தத் தள்ளுதான் பெடல் வழியா வந்து உள்ளங்காலை உதைக்கும்.”

“உதைச்சா டிரைவர் என்ன பண்ணணும்?”

“ஒண்ணும் பண்ணக் கூடாது. அழுத்தின காலை எடுக்காம, எங்க இடம் இருக்கோ அந்தப் பக்கம் திருப்பணும். சக்கரம் உருளறதால வண்டி திரும்பும். ஆனா என் கிளாஸ்ல பத்துல ஏழு பேரு முதல் உதையிலயே காலை எடுத்துடுவாங்க. ‘அக்கா, ஏதோ ஒடஞ்சு போச்சு’ம்பாங்க.”

“பாஸ்” என்றார் ஃபெயில் சார்.

கிளட்ச் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “ஃபோர்மேன் அண்ணே, நீங்க சாட்சி. இந்த வார்த்தையை இவர் வாயால கேட்டவங்க யாரும் உயிரோட இல்ல.”

“அப்ப ஒன்பது இருபதுக்கு போன் பண்ணினது யாரு?”

“முதல் உதையில காலை எடுத்தவன்.”

“டிரைவர் அந்த நேரத்துல ஸ்டேஷன்ல. ஏபிஎஸ் வண்டிய வருஷக்கணக்கா ஓட்டறவன், பெடல் உதைக்குதுன்னு கம்ப்ளெயின்ட் பண்ண மாட்டான். மழை பேஞ்சா ரோடு நனையுதுன்னு யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணுவாங்களா?” ஃபெயில் சார் கார்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஃபோர்மேனிடம் டைப் அடித்த ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார். “முதலாளி காலு. பணக்காரக் காலு. உதையே வாங்கிப் பழகாத காலு.”

---

ஸ்டேஷன் வராந்தாவில் ஒரு பெஞ்சு. அதன் ஓரத்தில் டிரைவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். வெள்ளை யூனிஃபார்ம் இரண்டு நாள் கசங்கலிலும் முழுக்கைப் பொத்தான் போட்டிருந்தது. பெஞ்சில் ஆறு பேர் உட்காரலாம். இவர் ஒரு ஆளுக்கும் குறைவான இடத்தில் ஒடுங்கியிருந்தார்.

“நீங்க ஓட்டலைன்னு எங்களுக்குத் தெரியும்” என்று ஆரம்பித்தார் ஃபெயில் சார்.

“தப்பு என்னுது சார்.”

“எட்டு மணிக்கு வீட்டுல இருந்தீங்க.”

“வண்டி என் பொறுப்பு சார். தப்பு என்னுது.”

“முதலாளி சொல்லச் சொன்னாரா?”

டிரைவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வாட்ச்மேன் எப்படி இருக்கான் சார்? காலு நிக்குமா?”

ஃபெயில் சாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருடனைக்கூட அவரால் பொறுத்துக்கொள்ள முடியும், அவனுக்குத் தன் பங்கு எது என்றாவது தெரியும். அடுத்தவன் அழுக்கைத் தன் சட்டையில் துடைத்துவிட்டு, தப்பு என்னுது என்று கும்பிடுகிறவனை என்ன செய்வது? இருபத்திரண்டு வருடம் கதவு திறந்துவிட்டதில் முதுகெலும்பு அந்தக் கோணத்திலேயே நின்றுபோயிருக்கும்.

“அண்ணே, அந்த பிரேக்...” என்று கிளட்ச் குனிந்தாள்.

“வாம்மா” என்றார் ஃபெயில் சார், ஏற்கெனவே படியிறங்கியபடி. “இந்த ஆள்கிட்ட பேசறது அந்த பெஞ்சுகிட்ட பேசற மாதிரி. பெஞ்சாவது ஆறு பேரைத் தாங்கும்.”

---

ஃபாக்டரி கேட்டில் தூண் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. வாட்ச்மேனின் ஸ்டூலை யாரோ நிமிர்த்தி வைத்திருந்தார்கள். மூன்று காலில் நின்றது.

கிளட்ச் கேட்டுக்கு நடுவில் நின்று கைகளை விரித்தாள். “தூணுக்கு அந்தப் பக்கம் பாருங்க சார். பத்தடிக்கு மேல காலி இடம், வெறும் புல்லு. காலை அழுத்தி வெச்சு லேசா திருப்பியிருந்தா புல்லுல போய் நின்னிருக்கும். வாட்ச்மேன் வந்து கதவைத் தொறந்து, வாங்க சார்னு சலாம் வெச்சிருப்பாரு.”

“காலையும் எடுத்துட்டான். ஸ்டீயரிங்கையும் மரம் மாதிரி புடிச்சுட்டு நின்னுட்டான்.”

“என் ஸ்கூல்ல சேந்திருந்தா மூணாவது கிளாஸ்ல சரி பண்ணியிருப்பேன்.”

முதலாளியின் அறையில் மனிதர்களைவிட நாற்காலிகள் அதிகம். சோபாவில் விசாரணை அதிகாரி உட்கார்ந்திருந்தார். வாகன உரிமையாளரிடம் ஒரு கையெழுத்து வாங்க வந்தவர், மடியில் பிஸ்கட் தட்டோடு வசதியாகச் சாய்ந்துவிட்டிருந்தார். ஃபெயில் சார் அவரை ஒரு பார்வை பார்த்தார். அதிகாரி கையில் இருந்த பிஸ்கட்டைப் பாதியில் நிறுத்தி, பிறகு வீம்புக்கென்று முழுதாக வாயில் போட்டுக்கொண்டார்.

முதலாளி எழுந்திருக்கவில்லை. “வாய்யா ஃபெயிலு. உன்னை உள்ள விடச் சொன்னதே உன் மூஞ்சியைப் பாக்கத்தான். என்ன, நான்தான் ஓட்டினேன்னு சொல்ல வந்திருக்கியா?”

“நீங்களே சொல்லிட்டா எனக்கு வேலை மிச்சம்.”

“சொல்றேனே. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இந்த வயசு வரைக்கும் எனக்கு லைசென்ஸ் கெடையாது. ஏன் கெடையாதுன்னு கேளு.”

ஃபெயில் சார் கேட்கவில்லை. பதில் அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது.

“முதல் தடவை ரிவர்ஸ்ல கம்பத்தைத் தொட்டேன்னு ஃபெயில் போட்ட. ரெண்டாவது தடவை மேட்டுல வண்டி பின்னால உருண்டுதுன்னு ஃபெயில். மூணாவது தடவை நான் வண்டிய ஸ்டார்ட்டே பண்ணல. உக்காந்தேன். ஃபெயில்.”

“கண்ணாடியைத் திருப்பி மீசையைப் பாத்தீங்க” என்றார் ஃபெயில் சார். அவரையும் மீறி வந்துவிட்டது.

“அதோட ஸ்டீயரிங்கைத் தொடறதில்லைன்னு முடிவு பண்ணினேன். பதினாலு வருஷமாச்சு. வீட்டுல, ஃபாக்டரியில, யாரை வேணா கேளு. ஆபீசர், இதை எழுதிக்கிறீங்களா? இந்த ஆள் தயவுலதான் இன்னிக்கு நான் நிரபராதி.”

அதிகாரி சிரித்ததில் பிஸ்கட் தூள் பறந்தது.

கிளட்ச், ஃபெயில் சாரின் காதோரமாக வந்தாள். “உங்க தியரிக்கு நீங்களே பதினாலு வருஷம் முன்னாடி ஃபெயில் போட்டுட்டீங்க சார்.”

“வாயை மூடு.”

“மணி ரெண்டே கால்.”

அப்போதுதான் கதவு திறந்து ஒரு வாசனை உள்ளே வந்தது. பின்னாலேயே மாப்பிள்ளை வந்தார். முதலாளியின் ஒரே மகளைக் கட்டி ஏழு மாதம் ஆகிறது. கட்டின மறுவாரமே டெக்னிக்கல் டைரக்டர். சட்டைப் பையில் சிவப்பு ஒளி காட்டும் பாயின்டர் குத்தியிருந்தது, டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை விடாமல் வைத்திருப்பது மாதிரி.

“என்ன மாமா, ஏதாவது பிரச்சினையா?”

“ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. இவங்க கெளம்பறாங்க.”

ஃபெயில் சார் நிஜமாகவே கிளம்பத்தான் திரும்பினார். கிளட்ச் அசையவில்லை. கண்ணாடிச் சுவருக்கு அப்பால், பார்வையாளர் ஹாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு கார் சீட்டு, அதன் முன்னால் ஒரு பெடல், நாலு மூலையிலும் நாலு சக்கரத் தட்டுகள்.

“சார், அது என்ன சார்? ராட்டினம் மாதிரி இருக்கே” என்றாள் மாப்பிள்ளையிடம். முகத்தை அவள் அவ்வளவு அப்பாவியாக வைத்துக்கொண்டு ஃபெயில் சார் பார்த்ததில்லை. வயிற்றெரிச்சலாக இருந்தது.

மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. “ராட்டினமா? மேடம், அது ஆன்டி லாக் பிரேக் டெமோ. எங்க வளையம் என்ன பண்ணுதுன்னு கஸ்டமருக்குக் காட்டறது. வாங்க, ரெண்டே நிமிஷம்.”

“மாப்பிள்ளை, வேலை இருக்கு” என்றார் முதலாளி.

“ரெண்டு நிமிஷம் மாமா.”

விளக்கம் சொல்லக் கிடைத்த வாய்ப்பை விடும் ஜாதியில்லை மாப்பிள்ளை. எல்லோரும் ஹாலுக்குப் போனார்கள். முதலாளி வேறு வழியில்லாமல், அதிகாரி தட்டோடு.

மாப்பிள்ளை சிவப்புப் புள்ளியை ஒவ்வொன்றாக ஓட்டினார். வளையம், சென்சார், வால்வு, பம்ப். சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. காலையில் கிளட்ச் சொன்னதேதான், முப்பது ஸ்லைடு நீளத்துக்கு. ஃபெயில் சார் கேட்கவில்லை. அவர் பார்வை டெமோ சீட்டின் மீது இருந்தது. சீட்டின் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை. பெடல் ரப்பர் மீது ஒரு விரற்கடை தூசி. பேசுகிற மேடை மட்டும் கண்ணாடியாகத் துடைத்திருந்தது.

போன உயிர் அவருக்குத் திரும்பி வந்தது.

“தம்பி” என்றார், குரலில் தேன் தடவி. அவருக்கே அது சகிக்கவில்லை. “இவ்வளவும் நடக்கும்போது டிரைவர் காலுக்கு என்ன தெரியும்?”

“நல்ல கேள்வி. ஒண்ணுமே தெரியாது. அதுதான் எங்க பெருமை. வெண்ணெய்ல காலை வெச்ச மாதிரி ஸ்மூத்தா இருக்கும்.”

“ஒருவேளை பெடல் அதிர்ந்தா?”

“அதிர்ந்தா டிஃபெக்ட். காலை உதைச்சா பெரிய டிஃபெக்ட். வளையம் போயிருச்சுன்னு அர்த்தம்.”

“மாப்பிள்ளை” என்றார் முதலாளி. இந்த முறை அது கூப்பிட்ட மாதிரி இல்லை, பல்லைக் கடித்த மாதிரி இருந்தது.

“சும்மா உக்காந்து காட்டுங்க சார்” என்றாள் கிளட்ச். “வெண்ணெயைப் பாக்கணும்.”

பார்க்க ஆட்கள் இருந்தால் மாப்பிள்ளை கிணற்றில்கூட இறங்கிக் காட்டுவார். பிளாஸ்டிக் உறை சரசரக்க உட்கார்ந்தார். கிளட்ச் சுவரில் இருந்த பச்சை பட்டனை அழுத்தினாள். நாலு தட்டுகளும் சுழல ஆரம்பித்து, ஆரக்கால் தெரியாத வேகத்துக்கு வந்தன.

“இப்ப குறுக்க ஆள் வந்துட்டான் சார். மிதிங்க.”

மாப்பிள்ளை ஓங்கி மிதித்தார்.

தடதடதடவென்று ஹாலே அதிர்ந்தது. மாப்பிள்ளையின் முழங்கால் தூக்கிப் போட்டது. அடுத்த கணம் சூட்டில் வைத்த மாதிரி காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பிரேக் விட்டுப் போய், தட்டுகள் தங்கள் பாட்டுக்குச் சுழன்றன.

“பாத்தீங்களா மாமா!” இரண்டு நாளாக மாமனாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட திட்டுக்கெல்லாம் சேர்த்து நியாயம் கிடைத்துவிட்ட குரல் அது. “இதேதான். அன்னிக்கு கேட்டுல இதேதான் என் காலை உதைச்சுது. நான் சொன்னப்ப நம்பினீங்களா? என் டிரைவிங் சரியில்லைன்னீங்க. இதுலயும் டிஃபெக்ட், அதுலயும் டிஃபெக்ட். நம்ம வளையமே...”

தான் சொன்னது அதற்குள் அவர் காதிலேயே விழுந்துவிட்டது.

தட்டுகள் மட்டும் சுழன்றுகொண்டிருந்தன. அதிகாரி பிஸ்கட் தட்டைக் கீழே வைத்துவிட்டு, சட்டையில் விழுந்த தூளைத் தட்டினார். இரண்டு நாளில் முதல் தடவையாக அவர் போலீஸ்காரர் மாதிரி தெரிந்தார்.

“யார் காலை சார் உதைச்சுது?” என்று கேட்டார்.

மாப்பிள்ளை மெல்ல எழுந்து சீட்டை விட்டு விலகினார். முதலாளிதான் பேசினார், ஃபெயில் சாரைப் பார்த்து. “எங்க வளையம் போயிடுச்சுன்னு வெளிய தெரிஞ்சா இந்த ஃபாக்டரியில நானூறு குடும்பம் என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமா? மாப்பிள்ளையைத் திட்டினேனே தவிர, பயத்துல லோடு பூரா ரெண்டு நாளா குடோன்ல பூட்டி வெச்சிருக்கேன்.”

ஃபெயில் சார் சட்டைப் பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து, டெமோ சீட்டின் பிளாஸ்டிக் மேல் போட்டார். “உங்க வளையத்துக்கு ஒண்ணும் ஆகல. வண்டியில பிரேக்கும் நல்லா இருந்துது. இந்த மெஷினும் நல்லா இருக்குது. உதைக்கறதுதான் அதோட வேலை. மழையில வழுக்க இருந்த சக்கரத்தைப் புடிச்சு நிறுத்தப் பாத்துச்சு. உங்க மாப்பிள்ளை காலை எடுத்துட்டாரு.”

“டிஃபெக்ட் இல்லையா?” முதலாளியின் குரல் சன்னமாக இருந்தது.

“இருக்கு. டெக்னிக்கல் டைரக்டர்னு போர்டு மாட்டியிருக்கீங்களே, அந்த ரூம்ல.”

கிளட்ச் பச்சை பட்டனுக்குப் பக்கத்தில் இருந்த சிவப்பு பட்டனை அழுத்தி, மெஷினை அணைத்தாள். “வெண்ணெய் உருகிடுச்சு சார்” என்றாள்.

---

ஸ்டேஷனுக்குத் திரும்பியபோது நாலு ஆகப் பத்து நிமிடம். டிரைவர் அதே பெஞ்சில், அதே ஓரத்தில். பக்கத்தில் இப்போது அவர் மனைவி. டிரைவரின் மடியில் வாக்குமூலம், கையில் மூடி கழற்றிய பேனா.

அதிகாரி காகிதத்தைத் தானே எடுத்துக்கொண்டார். “தேவையில்ல. ஓட்டினது யாருன்னு தெரிஞ்சு போச்சு. நீங்க வீட்டுக்குப் போகலாம்.”

மனைவி சட்டென்று எழுந்தாள். டிரைவர் எழுந்திருக்கவில்லை.

“யார் ஓட்டினா என்ன சார். தப்பு என்னுதுதான்.”

“இன்னுமாய்யா?” என்றார் ஃபெயில் சார். “அவங்க குடுத்த உப்பு அவ்வளவு கரிக்குதா?”

“உப்பு இல்ல சார்.” டிரைவர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். “பிரேக் ஆயில் போன மாசமே மாத்தணும். மழை விடட்டும்னு தள்ளிப் போட்டேன். அன்னிக்கு நான் ஓடி வந்தப்ப அவன் ரத்தத்துல கெடக்கான். முதலாளி சொன்னாரு, பிரேக் ஃபெயிலாயிடுச்சு, நீ பாக்காம விட்ட பிரேக்குதான் இவன் காலை ஒடச்சுதுன்னு. தெனம் என்னைப் பாத்ததும் கேட்டைத் தொறந்துட்டு, சாப்பிட்டியான்னு கேப்பான் சார். ஓட்டினவன் என்ன பண்ணுவான்? பிரேக் இல்லாத வண்டியக் குடுத்தது நான்தானே.”

கிளட்ச் அவர் எதிரில் தரையில் குந்தி உட்கார்ந்தாள், தேய்ந்த முழங்கால் நறுக்கென்றது.

“அண்ணே, பிரேக் ஃபெயிலாகலண்ணே. மிதிச்சப்ப பெடல் தடதடன்னு உதைச்சுதாம். பயந்து போய் காலை எடுத்துட்டாரு மாப்பிள்ளை.”

டிரைவர் அவளையே பார்த்தார். “உதைச்சுதா?”

“ஆமாண்ணே.”

“மழையில உதைக்கத்தானே செய்யும். உதைச்சா பிரேக் நல்லா இருக்குன்னு தானே அர்த்தம்.” பேனா மூடியை அவர் தேடினார், கையிலேயே இருந்தது. “இதை என்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே. ரெண்டு நாளா இங்கதானே உக்காந்திருக்கேன். எப்படி ஃபெயிலாச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே.”

முதலாளி கேட்கவில்லை. மாப்பிள்ளை கேட்கவில்லை. போலீஸ் கேட்கவில்லை. மத்தியானம் இதே வராந்தாவில் நின்று, கேட்க வாயெடுத்தவளையும் இழுத்துக்கொண்டு போனவர் யார் என்பதைக் கிளட்ச் சொல்லவில்லை. அவள் ஏதாவது நக்கலடித்திருந்தால் ஃபெயில் சாருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“ஆஸ்பத்திரிக்குப் போகணும் சார்” என்றார் டிரைவர், எழுந்தபடி. “அவன்கிட்ட சொல்லணும். என் பிரேக் இல்லைன்னு.”

“முதல்ல முகத்தைக் கழுவுங்க” என்றாள் மனைவி. “ரெண்டு நாள் குத்தவாளி மூஞ்சியோட போய் நின்னா அவர் பயந்துடுவாரு.”

வாசலில் ஃபெயில் சாரின் கார் நின்றது. இருபத்தேழு வருடக் கிழம். அதை அவரைத் தவிர இதுவரை யாரும் ஓட்டியதில்லை. ஓட்டலாம் என்று அவர் பாஸ் போட்ட மனிதன் இன்னும் பிறக்கவில்லை. சாவியை எடுத்து டிரைவரிடம் நீட்டினார்.

கிளட்ச் சாவியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

டிரைவர் உட்கார்ந்ததும் சாவியைத் திருப்பவில்லை. முதலில் பிரேக் பெடலை ஒருமுறை அழுத்தி, அழுத்தி வைத்தபடியே காத்திருந்தார். பெடல் மெல்ல உள்ளே இறங்குகிறதா என்று பார்த்தார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்தார், ரோட்டைப் பார்ப்பதற்கு. “இது பழைய வண்டி சார், உதைக்காது. வழுக்கினா நாமதான் விட்டு விட்டு மிதிக்கணும்” என்றார். கார் ஒரு குலுக்கல் இல்லாமல் தெருவில் இறங்கியது.

பின்சீட்டில், டிரைவரின் மனைவிக்குப் பக்கத்தில், ஃபெயில் சார் பழக்க தோஷத்தில் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். முதல் வளைவு. இரண்டாவது வளைவு. பள்ளிக்கூட வாசலில் வேகம் குறைந்தது, யாரும் சொல்லாமலே. பேனா காகிதத்தின் மேலேயே நின்றது.

முன்சீட்டிலிருந்து கிளட்ச் திரும்பிப் பார்த்தாள். “என்ன சார் எழுதினீங்க?”

“ரோட்டைப் பாரு” என்றார் ஃபெயில் சார், நோட்டை மூடியபடி.